சி-130-க்கு மிதவை பூட்டுவது: 1:25 மாடலுக்கும் நிஜத்துக்கும் கணக்கு என்ன?

தோட்டப்பட்டறை (சுங்கை சிப்புட், மலேசியா) கேட்டது:

வணக்கம். இங்குள்ள தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்காக, தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் சி-130 சரக்கு விமானம் ஒன்றை ரிமோட் மாடலாகச் செய்கிறோம். ஃபோம் உடல் தயார். இறக்கை 1.6 மீட்டர், உடல் நீளம் 1.18 மீட்டர், பேட்டரியோடு எடை 2.4 கிலோ. நான்கு மோட்டார், 7 அங்குல புரொப்பெல்லர். பறக்கவிடப்போவது சிம்மோர் போகும் வழியில் இருக்கும் பழைய ஈயக்குட்டையில் (ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய குளம்). ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் மணல் மேடு, அதனால் காற்று குறுக்கேதான் வரும்.

கேட்க வேண்டியது இதுதான். வயிற்றையே படகு மாதிரி மாற்றுவதா, இல்லை கீழே இரண்டு மிதவை பூட்டுவதா? மிதவை என்றால் என்ன அளவு, எந்த இடத்தில்? சக்கரமும் மடங்க வேண்டுமா? இன்னொன்று, பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: அமெரிக்க விமானப்படை 2021-ல் எம்சி-130ஜே-வை (சி-130-ன் சிறப்புப் படை வகை) மிதவை விமானமாக்கப் போவதாக அறிவித்ததே, அது ஏன் இன்னும் பறக்கவில்லை?

---

ரிவெட்பலகை (சுபாங்):

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அமெரிக்கச் சிறப்புப் படைப் பிரிவு 2021 செப்டம்பரில் அறிவித்தது, கழற்றி மாட்டக்கூடிய இரட்டை மிதவை. 17 மாதத்தில் பறக்கவிட்டுக் காட்டுவதாகச் சொன்னார்கள். கெடு போய்விட்டது, விமானம் வரவில்லை. பணம் ஒரு காரணம்தான். ஆனால் பௌதிகமும் லேசுப்பட்டதில்லை.

போக்குவரத்து விமானங்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பின் 25ஆம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 25.751: முக்கிய மிதவைகளுக்கு, விமானத்தின் உச்ச எடையை நன்னீரில் தாங்கத் தேவையான மிதப்பைவிட 80 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மிதவையிலும் ஏறக்குறைய சம கொள்ளளவுள்ள ஐந்து தண்ணீர் புகாத அறையாவது வேண்டும். சி-130ஜே-வின் வழக்கமான உச்ச எடை 1,55,000 பவுண்டு, அதாவது 70.3 டன். ஒரு டன் நன்னீர் ஒரு கன மீட்டர், ஆகவே 1.8-ஆல் பெருக்கினால் 126 கன மீட்டர். ஒரு மிதவைக்கு 63. பெட்டியாக இருந்தால் சின்னதாக முடிந்துவிடும், ஆனால் மூக்கும் வாலும் கூம்ப வேண்டும், அடி வி-வடிவில் இருக்க வேண்டும். ஆக 22 மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். விமானமே 29.8 மீட்டர்தான். இந்த இரண்டு உருளையையும் காற்றில் தூக்கிக்கொண்டு போனால் வேகமும் போகும், தூரமும் போகும்.

இதைக்கூட சமாளிக்கலாம். உண்மையான சிக்கல் 25.527-ல் இருக்கிறது, தண்ணீரில் மோதும் சுமை. சூத்திரம் இப்படி: ஸ்டால் வேகத்தை (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்காது) நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று எடுத்து, வர்க்கமாக்கி 0.012-ஆல் பெருக்குங்கள். மிதவை அடியின் வி-கோணத்துக்கு (கிடைமட்டத்திலிருந்து அடி சாயும் கோணம்) டேன் கண்டுபிடித்து மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, எடையின் (பவுண்டில்) கனமூலத்தோடு பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் எத்தனை 'ஜி', அதாவது எடையைப் போல் எத்தனை மடங்கு விசை என்று வரும். 2.33-க்குக் குறைவாக வந்தாலும் 2.33 என்றுதான் எடுக்க வேண்டும்.

மூன்று விமானத்துக்குப் போட்டுப் பாருங்கள், கோணம் மூன்றுக்கும் 25 டிகிரி. சி-47 டக்கோட்டா: 58 நாட், 27,000 பவுண்டு, 2.2 வரும், ஆகவே 2.33. ஜப்பானின் யுஎஸ்-2: 50 நாட்டுக்கு அருகில், 43 டன், 1.1 வரும், அதற்கும் 2.33. சி-130: 1,30,000 பவுண்டில் ஸ்டால் 95 நாட் என்று வைத்தால் 3.6. அதாவது மிதவை ஸ்ட்ரட்கள் (மிதவையை உடலோடு பிணைக்கும் கால்கள்) வழியாக 210 டன்னுக்கு மேல் விசை உடலுக்குள் ஏறும். அதுவும் சக்கரச் சட்டம் இருக்கும் இடத்தில் இல்லை, புதிய இடங்களில். உள்ளே புதுச் சட்டங்கள் போட வேண்டும், எடை ஏறும், எடை ஏறினால் ஸ்டால் வேகம் ஏறும், அது மறுபடி வர்க்கமாகும்.

ஆக மிதவை பூட்டுவது இரண்டாம் வேலை. முதலில் விமானத்தை மெதுவாக்க வேண்டும். யுஎஸ்-2-வில் நான்கு ஏஇ 2100 எஞ்சின்கள், சி-130ஜே-வில் இருக்கும் அதே குடும்பம்தான். ஆனால் உடலுக்குள் ஐந்தாவதாக ஒரு சிறு டர்பைன் இருக்கிறது. அதன் ஒரே வேலை ஃபிளாப் (இறக்கையின் பின் மடிப்பு), ரடர் (வாலில் திசை திருப்பும் தகடு), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் தகடு) மேல் காற்றை ஊதி, இறக்கையை 50 நாட்டிலும் தூக்கவைப்பது. சுமார் 300 மீட்டரில் தண்ணீரை விட்டு எழும், 3 மீட்டர் அலையிலும் இறங்கும். அப்படி ஊதும் ஏற்பாடு சி-130ஜே-வில் இல்லை.

யுஎஸ்-2-வின் முன்னோடி பிஎஸ்-1 தண்ணீரில் மட்டும் இறங்கிய பறக்கும் படகு. அதற்குச் சக்கரம் வைத்துத்தான் 1974-ல் யுஎஸ்-1 ஆனது. அமெரிக்காவின் கேட்டலீனாவும் அப்படியே, முதலில் படகு, பிறகு சக்கரம். எதிர்த்திசையில், அதாவது தரை விமானத்துக்கு மிதவை பூட்டி, நன்றாக ஓடியவை யுங்கர்ஸ் 52, ஆன்டோனோவ்-2 மாதிரி மெதுவாகப் பறக்கும் வண்டிகள். பெரியதில் முயன்றது டக்கோட்டாவுக்கு மிதவை பூட்டிய எக்ஸ்சி-47சி, இரண்டாம் உலகப்போரில். எடோ நிறுவனம் செய்த மிதவை ஒவ்வொன்றிலும் 300 கேலன் எரிபொருள் தொட்டி, மடங்கும் சக்கரம் இரண்டு. பறந்தது, ஆனால் பரவலாகப் பயனுக்கு வரவில்லை.

வயிற்றைப் படகாக்குவது பற்றி: சி-130-ன் அடி தட்டை, தரைக்கு மிக அருகில், பின்னால் ராம்ப் (சரக்கு ஏற்றும் சாய்தளக் கதவு). அந்த ராம்ப்புக்காகத்தான் அந்த விமானத்தையே வாங்குகிறார்கள். படகாக்கினால் ராம்ப் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே போகும், அழுத்தம் தாங்கும் உடலையும் வெட்ட வேண்டும். அதற்குப் புது விமானமே கட்டிவிடலாம். சீனாவின் ஏஜி600 அப்படி ஆரம்பத்திலேயே படகாகக் கட்டியது. 2017 டிசம்பரில் தரையிலிருந்து, 2018 அக்டோபரில் தண்ணீரிலிருந்து பறந்தது. மாடலிலும் மிதவையே சரி.

---

ஈயக்குட்டை (பத்து காஜா):

மாடல் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி, முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் அளவு சரியாக 1:25. மிதவையோடு 3 கிலோ வரும் என்று வையுங்கள். எடை அளவுவிகிதத்தின் கனமாக மாறும், 25-ன் கனம் 15,625. பெருக்கினால் கிட்டத்தட்ட 47 டன். அதாவது உங்கள் பொம்மை, எடை குறைத்து ஏற்றிய நிஜ சி-130-க்குச் சமம். வேகம் வர்க்கமூலமாக மாறும், ஐந்தில் ஒன்று. குட்டையில் 4 செ.மீ. அலை என்றால் கடலில் 1 மீட்டர். விழாவில் இதை ஒரு அட்டையில் எழுதி வையுங்கள், அமெரிக்காவின் நாசாவுக்கு முந்தைய நாகா அமைப்பு லாங்லி தொட்டியில் மாடல்களை இழுத்துப் பார்த்ததும் இந்தக் கணக்கில்தான். தண்ணீர்த் துளி மட்டும் ஏமாற்றும்: சிறிய மாடலில் பரப்பிழுவிசையால் தண்ணீர் தகடாக எழும், நிஜத்தில் தூளாகச் சிதறும்.

மிதவை அளவு. மொத்தக் கொள்ளளவு 3 × 1.8 = 5.4 லிட்டர், 6 என்றே எடுங்கள். ஒன்றுக்கு 3 லிட்டர். நீளம் 90 செ.மீ. (உடல் நீளத்தில் 75 முதல் 80 விழுக்காடு), அகலம் 8, உயரம் 7. பெருக்கினால் 5 லிட்டர் வரும். கூம்பு, வி-அடி எல்லாம் வெட்டியபின் அறுபது விழுக்காடுதான் மிஞ்சும், அதுவே 3.

பொருள்: நீல எக்ஸ்பிஎஸ் பலகை (கெட்டி ஃபோம்). வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம், மணிமணியாக உதிரும், விளிம்பு கூர்மையாக நிற்காது. மேலே 50 கிராம் கண்ணாடித் துணி, எபோக்சி. பாலியெஸ்டர் ரெசின் பூசினால் ஃபோம் கரைந்துவிடும், கடையில் கேட்டு வாங்குங்கள். ஸ்ட்ரட் பதிக்கும் இடங்களில் 3 மி.மீ. பிளைவுட் கட்டை உள்ளே வைத்து எபோக்சி ஊற்ற வேண்டும். ஃபோமில் நேராகக் கம்பி செருகினால் முதல் கடின இறக்கத்திலேயே பிடுங்கிக்கொண்டு வரும். முன் ஸ்ட்ரட் 4 மி.மீ. எஃகுக் கம்பி, பின்னது 3 மி.மீ. போதும். இரண்டு மிதவைக்கும் நடுவே குறுக்குக் குழாய் இரண்டு, 8 மி.மீ. கார்பன். மூலைவிட்டமாக மெல்லிய கம்பி கட்டாவிட்டால் ஓடும்போது மிதவைகள் ஒன்றுக்கொன்று முன்பின் போய்விடும். எல்லாம் சேர்த்து 600 கிராமுக்குள் முடிக்கப் பாருங்கள்.

இடம்தான் முக்கியம். மிதவையின் அடியில் இருக்கும் ஸ்டெப் (குறுக்காக வெட்டிய படி), சி.ஜி.-க்கு (எடை மையத்துக்கு) நேர் கீழே அல்லது 10 முதல் 15 மி.மீ. பின்னால். முன்னால் வந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்காரும். ரொம்பப் பின்னால் போனால் எலிவேட்டரை எவ்வளவு இழுத்தாலும் மூக்கு எழாது, ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டெப் உயரம் அகலத்தில் பத்தில் ஒன்று, 8 மி.மீ. ஸ்டெப்புக்குப் பின்னுள்ள அடி மேல்நோக்கி 7 டிகிரி. முன்பகுதி அடி வி-கோணம் 20 டிகிரி. மிதவையின் மேல்தளத்தைவிட இறக்கை 2 முதல் 3 டிகிரி கூடுதலாக நிமிர்ந்திருக்கட்டும்.

ஸ்டெப், பக்க விளிம்பு இரண்டும் கத்தி மாதிரி இருக்க வேண்டும். மிதவை செய்பவர்களில் பாதிப்பேர் அழகுக்காக உப்புத்தாள் போட்டு விளிம்பை உருட்டிவிடுவார்கள். உருண்ட விளிம்பைத் தண்ணீர் விடாது, ஒட்டிக்கொண்டு மேலேறும், விமானம் எழும்பாது. துணி ஒட்டியபின் விளிம்பில் எபோக்சியும் மைக்ரோபலூன் தூளும் கலந்த பசையைத் தடவி, காய்ந்ததும் நேர்க்கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்துக் கூர்மையாக்குங்கள்.

மிதவைகளின் மையத்துக்கு மையம் 40 செ.மீ., இறக்கையில் கால்பங்கு. உங்கள் உள் மோட்டார்கள் நடுக்கோட்டிலிருந்து 20 செ.மீ.-ல் இருக்கும், ஆகவே மிதவை நேர் கீழே வரும். அது நல்லது. தண்ணீர் பக்க விளிம்பிலிருந்து வெளியேதான் சீறும், நேர் மேலே வராது. நிஜத்துக்கான விதியில் புரொப்பெல்லர் நுனிக்கும் தண்ணீருக்கும் இடையே 18 அங்குலம் கேட்கிறார்கள்; அளவுப்படி உங்களுக்கு 1.8 செ.மீ.தான். அதை நம்பாதீர்கள், 6 செ.மீ. விடுங்கள்.

வால்: சி.ஜி.-க்கு முன்னால் இவ்வளவு பக்கப் பரப்பு சேர்ந்தால் விமானம் நேராகப் போகாது, பக்கவாட்டில் அலையும். கிடைவாலின் இரு முனையிலும் 7க்கு 8 செ.மீ. சிறு செங்குத்துத் தகடு ஒட்டுங்கள்.

சக்கரம் பற்றி என் கருத்து: பறக்கும் மாடலில் மடக்குச் சக்கரம் வேண்டாம். நான்கு ரிட்ராக்ட் 300 கிராம் தின்னும், நான்கு ஓட்டையிலும் தண்ணீர் போகும். காட்சிக்கு வைக்கும்போது கீழே தள்ளுவண்டி போதும்.

---

கரையோரம் (லூமுட்):

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் சக்கரத்தை அப்படிச் சட்டென்று ஒதுக்காதீர்கள், பிள்ளைகளுக்குச் சொல்ல அதில்தான் விஷயம் அதிகம்.

தண்ணீருக்கும் தரைக்கும் பொதுவான இரட்டை வாழ்வு மிதவையில் சிறு சக்கரம் மூக்கில், பெரிய சக்கரம் ஸ்டெப்புக்குப் பின்னால். ஓடுபாதையில் சக்கரத்தை மறந்து வயிற்றால் இறங்கினால் மிதவையின் கீல் (அடி நடுவிளிம்பு) தேயும், சத்தம் வரும், ஆள் பிழைப்பார். சக்கரம் வெளியே இருக்கும்போது தண்ணீரில் இறங்கினால் சக்கரம் தண்ணீரைப் பிடித்து விமானம் குப்புற விழும். இரண்டும் ஒரே அளவுத் தவறு இல்லை. அதனால்தான் இந்த விமானங்களில் 'சக்கரம் மேலே, தண்ணீர் இறக்கம்' என்று குரல் எழுப்பும் எச்சரிக்கைக் கருவி வைக்கிறார்கள். விமானியும் கண்ணால் பார்த்து வாயால் சொல்ல வேண்டும்.

உப்பு இன்னொரு கதை. தோட்டத்தில் உர ஸ்டோருக்குப் பக்கத்தில் நிற்கும் டிராக்டர் என்ன கதியாகும் என்று தெரியும் அல்லவா, கடல் விமானம் அதைவிட மோசம். ஒவ்வொரு நாள் பறப்புக்குப் பிறகும் நன்னீரில் முழுக்கக் கழுவ வேண்டும், உப்பு காய்வதற்கு முன்பே. எஞ்சின் கம்ப்ரெசருக்குள்ளும் நன்னீர் விட்டுச் சுழற்ற வேண்டும். உப்பு படிந்தால் சக்தி குறையும், டர்பைன் இலையில் சல்ஃபர் அரிப்பு வரும். சக்கர பேரிங்கில் கிரீஸ் அடிக்கடி புதிதாகப் போட வேண்டும். அலுமினியத்தில் எஃகு ஆணி தொடும் இடமெல்லாம் மின்கலம் மாதிரி வேலை செய்யும், ஆகவே ஒவ்வொரு ரிவெட்டும் சீலண்டில் தோய்த்து ஈரமாகவே அடிக்க வேண்டும். சி-130 இப்படிக் கட்டிய விமானம் இல்லை. தரைப்பலகைக்குக் கீழே, ராம்ப் மடியும் இணைப்புகளில், சக்கர அறைகளில் உப்புத் தண்ணீர் தேங்க இடம் ஏராளம்.

காலையில் செய்யும் முதல் வேலை மிதவையின் ஒவ்வொரு அறையையும் கைப்பம்பால் இறைப்பது. எத்தனை தடவை அடித்தால் காலியாகிறது என்று அறைவாரியாகக் குறித்து வைப்பார்கள். வழக்கமாக மூன்று அடி கேட்கும் அறை திடீரென்று இருபது கேட்டால் அன்று பறப்பில்லை, தையல் திறந்திருக்கிறது என்று பொருள்.

நம் நாட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் கடல்சார் அமலாக்க நிறுவனத்திடம் சிஎல்-415 இரண்டு உண்டு, சுபாங்கில். அது பிறவியிலேயே படகு உடல். தீயணைக்கும் வேலையில் 12 வினாடியில் 6,137 லிட்டர் தண்ணீரை மொண்டுகொள்ளும். அதன் படத்தையும் சி-130 படத்தையும் பக்கத்தில் வைத்தால் வயிற்று வித்தியாசம் பிள்ளைகளுக்கு உடனே தெரியும்.

---

தோட்டப்பட்டறை:

அண்ணன்மார்களுக்கு நன்றி. மிதவை செய்து தண்ணீரில் ஓட்டிப் பார்த்தாச்சு. எடை 3.05 கிலோ. இரண்டு பிரச்சினை. மணிக்கு 25 கி.மீ.-ஐத் தாண்டியதும் மூக்கு மேலும் கீழும் ஆடத் தொடங்குகிறது, வேகம் ஏற ஏற ஆட்டமும் பெரிதாகிறது. இரண்டாவது, மெதுவாகப் போகும்போது காற்றுப் பக்கமே திரும்பிக்கொள்கிறது, ரடர் கேட்கவில்லை.

---

ஈயக்குட்டை:

ஆட்டம் வந்தால் உடனே த்ராட்டிலை மூடுங்கள். எலிவேட்டரால் துரத்திப் பிடிக்கப் பார்த்தால் உங்கள் கை எப்போதும் அரைச்சுற்று பின்தங்கும், ஆட்டம்தான் வளரும்.

காரணம் தேடும் வரிசை: முதலில் சி.ஜி. மிதவையோடு, ஈரமாகவே, மறுபடி அளந்து பாருங்கள். பேட்டரியை 2 செ.மீ. முன்னால் தள்ளினாலே பாதி நேரம் தீர்ந்துவிடும். அடுத்து கோணம்: தண்ணீரைக் கிழித்து வேகமெடுத்தபின் எலிவேட்டரை விட்டுவிடுகிறீர்களா? இழுத்த கை இழுத்தபடி இருந்தால் பின்பகுதி அடி தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தள்ளும், அதுதான் ஆட்டம். தொடக்கத்தில் முழு இழுப்பு, 15 கி.மீ. பக்கம் 'மேடு' (தண்ணீர் இழுப்பு உச்சமாகும் கட்டம்) தாண்டி மிதவை மேலேறி வழுக்கத் தொடங்கியதும் நடுநிலைக்கு. உங்கள் எடைக்கு எழும்பும் வேகம் 40 கி.மீ. பக்கம் வரும், அப்போது லேசாக மட்டும் இழுங்கள். இதற்கும் அடங்காவிட்டால் ஸ்டெப் போதவில்லை. அதன் விளிம்பில் 2 மி.மீ. பிளைவுட் பட்டை ஒட்டி உயரத்தைக் கூட்டுங்கள், கூர்மையாகவே இருக்கட்டும்.

காற்றுப்பக்கம் திரும்புவதற்கு நீர் ரடர் வேண்டும். 3க்கு 5 செ.மீ. அலுமினியத் தகடு, இரண்டு மிதவையின் வாலிலும், கீழ்விளிம்பு கீலுக்குக் கீழே 2 செ.மீ. உங்களிடம் நான்கு மோட்டார் இருக்கிறதே, வெளி மோட்டார் இரண்டையும் தனிச் சேனலில் போட்டு ரடரோடு கலந்துவிடுங்கள். வலப்பக்கம் திரும்ப இடது வெளி மோட்டார் 30 விழுக்காடு கூடினால் போதும்.

---

ரிவெட்பலகை:

ஒன்று சேர்க்கிறேன். ஆட்டத்துக்கு இன்னொரு சாத்தியம், ஒரு மிதவைக்குள் தண்ணீர். துணி மூடாத ஸ்ட்ரட் துளை வழியாகப் போகும். இரண்டையும் கழற்றித் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள், 20 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் துளையைத் தேடுங்கள். ஸ்பீடு கன்ட்ரோலர்களுக்குச் சிலிக்கான் பூச்சு அடித்தாயிற்றா? ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். பிரஷ்லெஸ் மோட்டார் நன்னீரில் நனைந்தால் பயமில்லை, உலர்த்தி பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

---

கரையோரம்:

ஈயக்குட்டை என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் சட்டென்று ஆழம், அடியில் சேறு, மணல் மேடு சரியும். மாடல் நடுவில் நின்றுவிட்டால் யாரும் இறங்கக் கூடாது, பிள்ளைகள் கட்டாயம் கூடாது. தூண்டில் கம்பில் 15 கிலோ தாங்கும் நூல், நுனியில் டென்னிஸ் பந்து. மாடலைத் தாண்டி வீசி, நூல் மிதவைகளுக்கு நடுவே சிக்கும்படி மெதுவாக இழுத்தால் வந்துவிடும். புரொப்பெல்லர் பேட்டரியோடு இன்னும் தொடர்பில் இருக்கும், கரைக்கு வந்ததும் முதலில் டிரான்ஸ்மிட்டரில் மோட்டாரைப் பூட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.